ஒன்பது பெட்டைகளும் ஒரு கர்னலும்

"கர்னல் வெள்ளைக்காலிகிட்ட போனானா, இல்லையா?"

எங்கள் மலையில் பிப்ரவரி மழைக்காலம்; நனைந்துகொண்டே அம்மா இதைக் கேட்டாள்.

கர்னல் ஓர் அல்பாக்கா கடா; கம்பளிக்காக எங்கள் மலையில் வளர்க்கும், ஒட்டகச் சாயல் கொண்ட பிராணி. எங்களுடையது அல்ல, பக்கத்துப் பள்ளத்தாக்கு மாமாவிடம் மழைக்காலத்துக்கு மட்டும் கேட்டு வாங்கி வந்தது. வெள்ளைக்காலி எங்கள் ஒன்பது பெட்டைகளில் ஒன்று. அன்று காலை கல்லிடுக்கில் கால் மாட்டி நொண்டி வந்தது. இனி கால் ஆறும்வரை வீட்டோரப் பட்டியில்தான் நிற்கும், கடாவிடம் விட முடியாது. அதனால்தான் அம்மா கேட்டாள்.

மந்தையைப் பார்த்துக்கொள்வது ஒரு மாதமாக என் வேலை. நான் பார்த்ததெல்லாம் கீழே ஹூலியாக்கா நகரத்துக்குப் போகும் லாரிகளைத்தான். பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதில் ஒரு லாரியில் நானும் ஏறிப் போய்விடுவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தெரியலம்மா."

"சரி. மத்த எட்டு?"

"அதுவும் தெரியல."

அம்மா திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அம்மா நிக்காசியா பதினெட்டு வருடம் நகரத்தில் ஸ்வெட்டர் பின்னியவள். சுரங்க வேலையில் அப்பாவின் நெஞ்சு கெட்டு, வேலையும் போனபோது, அம்மா பின்னல் இயந்திரத்தை விற்று ஒன்பது பெட்டைகளை வாங்கினாள். அப்பாவின் மலைக்கு எங்களைக் கூட்டி வந்தாள். அங்கே ஊற்றோரம் அப்பாவுக்குப் பங்கான ஈரப் புல்வெளி ஒன்று இருந்தது. ஆனால் வருடக்கணக்காக அதில் அப்பாவின் சித்தப்பா மகன் தொரிபியோவின் மந்தைதான் மேய்ந்தது. அவர் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

மழை தொடங்குமுன் ஊர்க்கூட்டத்தில் தலைவர் தமியான் தீர்ப்புச் சொன்னார். "மழை முடியட்டும், உங்களுக்கு மந்தை வளக்கத் தெரியுதான்னு வந்து பாக்கறேன். பெட்டைங்கள்ல பாதிக்கு மேல சினையா இருந்தா புல்லு உங்களுக்கு. இல்லன்னா தொரிபியோவுக்கே."

பாதிக்கு மேல் என்றால் ஐந்து. அந்தப் புல் இல்லாவிட்டால், வறண்ட சரிவில் ஒன்பது உயிர்களை வளர்க்க முடியாது. விற்றுவிட்டுத் திரும்ப இறங்க வேண்டியதுதான்.

வெளியே வரும்போது தொரிபியோ சித்தப்பா சிரித்தார். "அண்ணி, ஊசியில நூல் கோக்கற வேலைன்னு நெனச்சீங்களா? இது மூச்சு விடற சாமான்."

"தெரியும் தம்பி. உங்கள மாதிரி வாய் பேசாது, அவ்வளவுதான்."

நான் 'தெரியல' என்று சொன்ன மறுநாளிலிருந்து அம்மாவே மேய்ச்சல் சரிவில் போய் உட்கார்ந்தாள். இரண்டு நாள் பார்த்தாள். கர்னல் படுத்து அசைபோட்டுக்கொண்டே இருந்தான். பெட்டைகள் பக்கம் திரும்பவே இல்லை.

"பொழுதன்னிக்கும் கூடவே விட்டுட்டோம்ல, அலுத்துப்போச்சு அவனுக்கு" என்றாள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம். "நீங்க சுரங்கத்துல இருந்து மாசத்துக்கு ஒருதடவ வந்தப்போ எப்படி ஓடி வருவீங்க. இப்போ சூப்பு ஆறிப்போகுதுன்னு நாலுதரம் கூப்பிட வேண்டியிருக்கு."

அப்பாவுக்குச் சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன. அம்மா அடுத்துச் சொன்னதைக் கேட்டுச் சிரிப்பு நின்றுவிட்டது. கடாவை மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய், பெட்டைகளின் வாசம்கூட எட்டாத இடத்தில் பத்து நாள் வைக்கப் போவதாகச் சொன்னாள்.

"மழை போயிட்டிருக்கு நிக்காசியா. பத்து நாள் வீணாயிடும்."

"ஒரு மாசம் ஏற்கெனவே வீணாப் போச்சு."

அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்தப் பத்து நாளும் கர்னலுடன் நான்தான் இருந்தேன். அங்கிருந்து சாலை தெரியாது. அவன் நாள் முழுக்க முனகினான். மேகம் கலைந்து வெயில் அடித்த ஒவ்வொரு நாளும் மழை முடிந்தேவிட்டதோ என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோராம் நாள் திரும்பும்போது மலையுச்சியைத் தாண்டியதும் கர்னல் என் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு இறங்கி ஓடினான்.

இந்த முறை அம்மா அவனைக் காலையில் மட்டும் விட்டாள். அவன் சேர்ந்த ஒவ்வொரு பெட்டைக்கும் கழுத்தில் சிவப்பு நூல் கட்டினாள். ஆறு நாளில் எட்டுக் கழுத்திலும் சிவப்பு. வெள்ளைக்காலிக்கு மட்டும் இல்லை; அது பட்டியில் காலை ஊன்ற முடியாமல் நின்றது. பிறகு கர்னலை மறுபடி மலைக்கு அப்பால் கொண்டுபோனோம்.

மூன்று வாரம் கழித்துத் தலைவர் வந்தார். கூடவே தொரிபியோ சித்தப்பாவும். எங்கள் வழக்கப்படி மெல்லுவதற்குக் கோக்கா இலை கைமாறியது. சினை பார்க்க எங்கள் மலையில் ஒரே சோதனைதான். பெட்டைக்கு முன்னால் கடாவைக் கொண்டுபோவார்கள். வெறும் வயிறாக இருந்தால் காலை மடக்கி உட்கார்ந்துவிடும். சினை என்றால் கடாவின் முகத்தில் துப்பி விரட்டும்.

திரும்பக் கொண்டுவந்த கர்னலை நான் பிடித்திருந்தேன். முதல் பெட்டை துப்பியது. இரண்டாவதும் துப்பியது. மூன்றாவது உட்கார்ந்துவிட்டது. நான்காவது துப்பியது. ஐந்தாவதும் ஆறாவதும் உட்கார்ந்தன. அப்பா கையை வாயில் வைத்து இருமலை அடக்கினார். ஏழாவது துப்பி, உதைக்கவும் பார்த்தது. எட்டாவது என் கண்ணெதிரே மெல்ல முட்டியை மடக்கியது.

"நாலு. முடிஞ்சுது" என்றார் சித்தப்பா.

"இன்னும் ஒண்ணு நிக்குது" என்றார் தலைவர்.

"அதுக்கு நூலே இல்லையே. அண்ணியே கட்டல."

அம்மா என்னைப் பார்த்தாள். கேள்வி அதேதான்.

கர்னலைப் பட்டிக்குள் கொண்டுபோனேன். வெள்ளைக்காலி அசையாமல் நின்றது. அவன் கழுத்தை நீட்டி மோந்தான். அதன் முன்காலில் ஒன்று லேசாக மடங்கியது. வலியா, உட்காரப் போகிறதா, தெரியவில்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த நொடி வெள்ளைக்காலி காதைப் பின்னுக்குச் சாய்த்துத் துப்பியது. பாதி கர்னலின் மூக்கில் விழுந்தது. மீதி, வேலிமேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பாவின் தொப்பியில்.

"கால் வலியில துப்புது. இதெல்லாம் கணக்கா?"

தலைவர் கர்னலை இன்னொரு தடவை நெருக்கச் சொன்னார். வெள்ளைக்காலி மூன்று காலில் நின்றுகொண்டே இன்னும் பலமாகத் துப்பியது.

"அஞ்சு" என்றார் தலைவர். "தொரிபியோ, தொப்பியத் தொவச்சுட்டு, நாளைக்கு மந்தைய அந்தப் பக்கம் ஓட்டிக்கோ."

நான் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு நாள் அது நடந்திருக்கிறது. அம்மா வெள்ளைக்காலியின் கழுத்தில் சிவப்பு நூலைக் கட்டினாள். "பதில் கெடச்சிடுச்சு" என்றாள். "ஆனா அத நீ சொல்லியிருக்கணும்டி."

அடுத்த மழையில் ஐந்து குட்டிகள் பிறந்தன. ஒன்று ஆலங்கட்டி மழையில் போய்விட்டது. நான்கு புல்வெளியில் ஓடுகின்றன. வரும் வாரம் நான் ஹூலியாக்காவுக்குப் படிக்கப் போகிறேன். போகும்முன் இதை எழுதி வைக்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது புதிதாக மந்தை தொடங்கினால், இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். கடாவைக் கூடவே விட்டுவைக்காமல் பிரித்துப் பிரித்து விடச் சொல்லுங்கள். மந்தையோடு யாரை அனுப்பினாலும், அவர்கள் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒருமுறை போய்ப் பார்க்கவும் சொல்லுங்கள்.