போனில் ஓடிய தண்ணீர்

விக்கிரமங்கலத்தில் என் சித்தி அடுப்படியில் இருந்தபடியே வயல் மோட்டாரைப் போடுவார். அதற்குப் போனில் ஒரு செயலி. பட்டனைத் தொட்டால் திரை முழுக்க நீல நிறத்தில் தண்ணீர் ஓடும். அந்தத் திரையை மாற்றி அமைக்கும் வேலை என்னிடம் வந்திருந்தது. சார்ஜைக் குடிக்கிறது, பழைய போன்களில் திணறுகிறது என்று புகார். நான் அரியலூரில் வீட்டிலிருந்தே திரை வடிவமைப்பவள். யார் போனைத் தொட்டாலும் அவர்கள் கண் முதலில் எங்கே போகிறது என்று பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. கல்யாண வீட்டில்கூட விடமாட்டேன்.

அதற்காகவே ஒரு சித்திரையில் சித்தி வீட்டுக்குப் போனேன். த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் பட்டனைத் தொட்டார். திரையில் தண்ணீர் ஓடியது. போனைச் சாய்த்து வைத்துவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார்.

“தண்ணி வருதுன்னு எப்படித் தெரியும் சித்தி?”

“அதான் ஓடுதேடி, கண்ணு தெரியல?”

மோட்டாரில் கரண்ட் பாய்ந்தாலே அந்தப் படம் ஓடும். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று அதற்கு எப்படித் தெரியும்? இருவரும் வயலுக்கு ஓடினோம். குழாயில் வெறும் காற்று. சூட்டில் மோட்டாரில் கை வைக்க முடியவில்லை. அவசரமாக நிறுத்தினோம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் மோட்டாருக்குள் இருக்கும் காயில் கம்பி கருகி, கதிர் பிடிக்கிற மக்காச்சோளம் மொத்தமும் காய்ந்திருக்கும்.

வெறும் எழுத்தாக இருந்திருந்தால் சித்தி எழுந்து போய்ப் பார்த்திருப்பாரா? படத்தை மட்டும் மனசு ஏன் இவ்வளவு சுலபமாக நம்புகிறது? அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. படத்தை எடுத்துவிட்டு, ‘மோட்டார் ஓடுகிறது. தண்ணீர் வருகிறதா என்று போய்ப் பாருங்கள்’ என்று மட்டும் போட்டேன்.

“எங்களுக்குத் தெரியாதுன்னு சொல்ற ஆப்பை யாருங்க வாங்குவாங்க?” என்றார் செயலி நிறுவனத்தின் மேலாளர். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் சார்ஜ் நன்றாக நின்றது, அதற்காகவே ஒத்துக்கொண்டார்கள்.

புதுத் திரையைச் சித்தி போனில் போட்டுக் கொடுத்தேன். பட்டனைத் தொட்டார், படித்தார், உடனே செருப்பை மாட்டிக்கொண்டு வயலுக்குக் கிளம்பினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாசல் வரை போனவர் திரும்பிப் பார்த்தார்.

“அந்தத் தண்ணிய எடுத்துட்டியா?”

“ஆமா சித்தி. அது பொய்த் தண்ணிதானே.”

“பொய்னு தெரிஞ்சப்புறமும் தெனம் பாத்துக்கிட்டுத்தான்டி இருந்தேன். கெணத்துல தண்ணி நாளுக்கு நாள் கீழ போயிட்டே இருக்கு. கண்ணுக்காவது கொஞ்சம் தண்ணி இருந்துச்சு.”