பாதியில் நிறுத்திய மொட்டை

அம்சாவுக்கு முகங்கள் அவ்வளவாக நினைவில் நிற்பதில்லை, தலைகள்தான் நிற்கும். திருத்தணி மலையில் பத்தொன்பது வருடமாக மொட்டை அடிக்கிறவள். தண்ணீர் தெளித்து ஒரு முறை தேய்த்தால் போதும், எங்கே மேடு, எங்கே தழும்பு என்று அவள் விரல் சொல்லிவிடும்.

அடிவாரத்தில் அவள் குடியிருந்த தெருக்கோடியில் கஞ்சா விற்றார்கள். ஆந்திரா பக்கமிருந்து ரயிலில் வரும் சரக்கு. தட்டிக் கேட்ட ஒரு பெரியவரின் கையையே உடைத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் தெருவுக்கே ரோஷம் வந்து, எல்லோரும் திரண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

"ஆளு முகம் தெரியணும்மா. தெருமுனையில ஒரு கேமரா வையுங்க, மீதிய நாங்க பாத்துக்கறோம்" என்றார் எஸ்.ஐ. எழிலன்.

தெருமுனை வீடு அம்சாவுடையது. பக்கத்து வீட்டு எலெக்ட்ரீஷியன் ஜெபக்குமார் ஏணி போட்டு அவள் சுவரில் கேமராவைப் பொருத்தினான். மோட்டார் போட்டாலும் வண்டி வாங்கினாலும் பொட்டு வைக்காமல் விடுகிற தெருவா அது? அம்சா கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு ஏறினாள்.

"கண்ணாடி மேல படாம வைக்கா" என்று கீழே நின்று சிரித்தான் ஜெபக்குமார்.

"ஆங், எல்லாம் எனுக்குத் தெரியும், சும்மா இரு நைனா."

தெரிந்த லட்சணம், நட்டநடுவில் அப்பிவிட்டு இறங்கினாள்.

"சரி, பூசை போட்ட கையோட துடைக்க வேணாம். காலையில நானே துடைச்சுடறேன்" என்றான் அவன். அந்தக் காலை அவனுக்கு விடியவில்லை.

சாயங்காலமே மூன்று பேர் வந்தார்கள். முகத்தில் கர்ச்சீப், கையில் பட்டாக்கத்தி. கேமராவை உடைக்கக் கத்தியை ஓங்கியவன் கையை ஜெபக்குமார் எட்டிப் பிடித்தான். முதல் வெட்டு தோளில் விழுந்தது, அடுத்தது கழுத்தில். விழுந்தவனையும் விடவில்லை, படுபாவிகள். தோசை சுட்டுக்கொண்டிருந்த அம்சா அடுப்பிலிருந்த கல்லைப் பிடியோடு தூக்கிக்கொண்டு ஓடிவந்து, நீள முடிக்காரன் ஒருவனின் வலது காதுக்குப் பின்னால் விளிம்பாலேயே ஓங்கி அடித்தாள். ரத்தம் பீறிட, அவன் அலறிக்கொண்டு ஓடினான். மற்ற இருவரும் ஓடிவிட்டார்கள். ஜெபக்குமார் அவள் மடியில் வாய் நிறைய ரத்தத்தோடு செத்துப்போனான்.

கேமரா தப்பியிருந்தது. எஸ்.ஐ. பதிவைப் போட்டுக் காட்டினார். திரை முழுக்க மங்கலான மஞ்சள், வெறும் அலறல். ஜெபக்குமாரின் மனைவி தேவசுந்தரி அந்த மஞ்சளைப் பார்த்துவிட்டு, அம்சாவைத் தாண்டி வெளியே போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"என் கைதான் அவனுங்கள மறைச்சுட்டுது" என்று அம்சா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் ஆடிக்கிருத்திகை. மலை முழுக்கக் காவடி, அரோகரா. முடி காணிக்கை மண்டபத்தில் மூச்சு விட நேரமில்லை. ஒரு நீள முடிக்காரன் அம்சாவின் எதிரே வந்து உட்கார்ந்தான். மாஸ்க் போட்டிருந்த அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. தண்ணீர் தெளித்துத் தேய்த்தாள். வலது காதுக்குப் பின்னால் விரல் நின்றுவிட்டது. தோசைக்கல் விளிம்பு மாதிரி வளைந்த காயம், பொருக்கு இன்னும் உதிரவில்லை.

அவள் கையில் கத்தி, அதற்குக் கீழே அவன் கழுத்து. ஒரே இழுப்பு போதும். இழுத்துவிடத்தான் ஆசைப்பட்டாள், பொய் சொல்வானேன்.

"யக்கா, சீக்கிரம்" என்றான்.

இடது பக்கம் முழுவதையும் பொறுமையாக வழித்தாள். பிறகு எழுந்தாள். "பிளேடு போயிடுச்சுப்பா. வேற எடுத்துகினு வரேன், குந்திகினு இரு."

வெளியே போய் எழிலனுக்குப் போன் போட்டாள். திருவிழாக் காவலுக்கு மலையிலேயே இருந்த அவர் நாலே நிமிடத்தில் வந்தார். காக்கியைக் கண்டதும் அவன் பக்கத்துச் சவரக் கத்தியைப் பிடுங்கி, குறுக்கே நின்ற அம்சாவின் முன்கையைக் கிழித்துவிட்டுக் கூட்டத்துக்குள் பாய்ந்தான். ஆயிரக்கணக்கான மொட்டை, ஆயிரக்கணக்கான முடி. பாதி மொட்டை அவன் ஒருவன்தான்.

"அந்த அரைமொட்டையப் புடிங்க!" என்று எழிலன் கத்தியதுதான் தாமதம், காவடிக்காரர்களே படிக்கட்டில் மடக்கி மிதித்தார்கள். பல் தெறித்தது. எஸ்.ஐ. நடுவில் விழுந்துதான் அவனை உயிரோடு இழுத்தார்.

மண்டபத்துக்கே கொண்டுவந்தார்கள். "காயத்த டாக்டர் பாக்கணும், முடி மறைக்குது. மீதியையும் எடுத்துடறீங்களாம்மா?" என்று கேட்டார் எழிலன்.

முன்கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அம்சா உட்கார்ந்தாள். அவன் அழுதான். அவள் காயத்தைச் சுற்றி ஒரு கீறல் விழாமல் வழித்தாள். பக்கத்தில் இருந்தவர் வழக்கம்போலச் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்.

அம்சா அதைத் தள்ளினாள். "வேணாங்க. இந்தக் காயம் நல்லாத் தெரியட்டும்."