மடிப்பிச்சைக்கு மூன்று புள்ளி

அந்த விடைத்தாளுக்குப் பதினைந்துக்கு மூன்று புள்ளி போட்டுவிட்டு கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் ஏறிய எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. யன்னலோரம் கிடைத்தும் இரண்டு தரம் இடம் மாறினேன். பக்கத்திலிருந்த பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

கண்டியில் நான் தமிழ் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் தவணைப் பரீட்சை. வறுமையையும் மதத்தையும் பாடும் ஒரு கவிதையைப் பற்றிக் கேள்வி. மழையில் ஒருத்தி சேலை மடியை ஏந்திக்கொண்டு தேயிலைத் தோட்டத்து லயத்தில் கதவு கதவாக அரிசி கேட்டுப் போகிறாள். கடைசியில் அம்மன் கோயிலுக்கு வருகிறாள். அம்மனின் கண்களை வெள்ளிக் கண்மலர் மறைத்திருக்கிறது. அவ்வளவுதான் கவிதை. மாதிரி விடை எழுதியவள் நான்தான். ஏந்திய மடி வறுமையின் படிமம், கண்மலர் ஏழையைக் காணாத மதத்தின் படிமம் என்று எழுதி, கீழே கோடும் போட்டு வைத்திருந்தேன். பெரிய மேதாவி!

ஒரு பிள்ளை மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தது. "இவள் பசிக்காகக் கேட்கவில்லை. மடிப்பிச்சை எடுப்பதாக நேர்ந்திருக்கிறாள். வீட்டில் அரிசி இருந்தாலும் இந்த நேர்த்திக்குக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். வீட்டில் யாருக்கோ கண்ணில் நோய், அதனால்தான் கண்மலர். இல்லாதவர்கள் ஒருவருக்காக ஒருவர் கொடுப்பதே இதன் கருப்பொருள்."

சிவப்புப் பேனையால் 'பொருத்தமற்றது' என்று எழுதினேன். அந்தப் பிள்ளை சொல்வது சரி என்று தெரிந்துகொண்டே எழுதினேன். வெட்கங்கெட்ட வேலை.

நான் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டத்தில், லயத்தில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் அதை யாரிடமும் சொன்னதில்லை. ஊர் எது என்று கேட்டால் 'கண்டிப் பக்கம்' என்பேன். பதினைந்து வயதில் எனக்கு அம்மை போட்டு, கண்ணிலும் இறங்கிவிட்டது. பார்வை போய்விடும் என்று பயந்து, அம்மா மடிப்பிச்சை எடுத்துக் கண்மலர் சாத்துவதாக நேர்ந்துகொண்டாள். எழும்பி நடமாடத் தொடங்கியதும் தோட்ட ஆபீஸ் கிளாக்கர் மகளோடு படிக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். யன்னலால் பார்த்தால், கீழே ரோடு வளையும் முடக்கில் அம்மா மடியை ஏந்திக்கொண்டு வருகிறாள். ஓடிப்போய் அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்தேன். கிளாக்கர் மனைவி அரிசி போட்டு அனுப்பும் வரைக்கும் வெளியே வரவில்லை. அதைப் பற்றி அம்மாவிடம் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதுமில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி, பாலத்தடியில் நின்றே அம்மாவுக்குப் போன் எடுத்தேன். இன்னும் தம்பியோடு தோட்டத்தில்தான் இருக்கிறாள்.

"அம்மா, கிளாக்கர் வீட்டுக்கு மடிப்பிச்சைக்கு வந்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? நீ அலுமாரிக்குப் பின்னால நின்ன. காலு தெரிஞ்சிச்சு."

"ஏம்மா ஒண்ணுமே கேக்கல?"

"என்னத்தக் கேக்குறது? நா முடக்குல வாறப்பவே யன்னல்ல இருந்து ஓடுன. அவ்வளவு தூரத்துல என்னக் கண்டுகிட்டியே, கண்ணு நல்லாயிருச்சுன்னு சந்தோசமா அடுத்த வீட்டுக்குப் போயிட்டேன்."

அடுத்த நாள் மணி அடிக்க முன்னரே பள்ளிக்கூடத்தில் நின்றேன். புள்ளிகளைப் பதியும் யாழ்ப்பாணத்து சேர் விடைத்தாள் கட்டை அப்போதுதான் அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன டீச்சர், வெள்ளனவே வந்திட்டியள்?"

"மாதிரி விடை பிழை சேர். திரும்பத் திருத்தணும்."

"ஆர் சொன்னது?"

ஒரு பிள்ளை எழுதியிருக்கிறது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"எங்கம்மா சொன்னாங்க. ஹேவாஹெட்டத் தோட்டத்துல, லயத்துல இருக்காங்க. என் கண்ணுக்காக மடிப்பிச்சை எடுத்தவங்க."

அவர் கதிரையை என் பக்கம் நகர்த்திவிட்டார். மூன்றை வெட்டிப் பதினைந்து போட்டேன்.