மார்ச் மாத முதல் ஞாயிறு

எங்கள் சபையில் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு பிறந்தநாள் ஞாயிறு. அந்த மாதத்தில் பிறந்தவர்கள் பிரசங்கம் முடிந்ததும் முன்னால் வந்து வரிசையாக நிற்பார்கள். பாஸ்டர் ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்து ஜெபிப்பார். சபை கைதட்டிப் பிறந்தநாள் பாட்டுப் பாடும். பிறகு வாசலில் இனிப்பு. மார்ச் மாத வரிசையில் சந்திரம்மா ஆன்ட்டி நிற்பார். அவர் மார்ச்சில் பிறந்தவர் அல்ல. தன் மகன் அசோகனுக்காக நிற்பார். அசோகன் தொண்ணூற்றொன்று டிசம்பரில், இருபது வயதில் காணாமல் போனவன்.

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஒரு மாவு மில்லுக்கு மேலே இருக்கிற ஹால்தான் சபை. ஞாயிற்றுக்கிழமை மில் ஓடாது. ஆனாலும் மிளகாய் நெடி படிக்கட்டை விட்டுப் போகாது. புதிதாக வருகிறவர்கள் தும்மிக்கொண்டேதான் ஆராதனைக்குள் நுழைவார்கள். பெயிண்டர்கள், நர்ஸுகள், வீட்டு வேலை செய்கிறவர்கள், பீன்யாவில் மெஷின் ஓட்டுகிறவர்கள். வேலூர், தருமபுரி, கோலார் தங்கவயல் என்று எங்கிருந்தோ வந்து இந்த ஊரில் ஒட்டிக்கொண்டவர்கள். ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுப்பதும், பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோறு கொண்டுபோவதும் சபை ஜனங்கள்தான். எங்களுக்கு வேறு சொந்தம் கிடையாது. இங்கே மனஸ்தாபம் வந்தால் போய் நிற்க இன்னொரு வாசல் இல்லை.

சந்திரம்மா ஆன்ட்டி தங்கவயல்காரர். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கல்யாணம் ஆகும்வரை சர்ச்சுக்குள் கால் வைத்ததில்லை. கணவர் ஆம்ப்ரோஸ் அங்கிள் கத்தோலிக்கர், ராணுவ முகாமில் சமையல்காரர். குழந்தைக்கு அசோகன் என்று பெயர் வைத்தது ஆன்ட்டியின் அண்ணன். ஒரு வயதில் குழந்தைக்கு மூளைக் காய்ச்சல் வந்து, டாக்டர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். அப்போது பக்கத்து வீட்டுக்காரி மாவு மில் மாடிக்கு அழைத்து வந்தாள். சபை விடிய விடிய ஜெபித்தது. காலையில் குழந்தை பால் கேட்டு அழுதது. அன்றிலிருந்து அவர்கள் எங்களவர்கள். ஒருமுறை கேட்டது கிடைத்தவர்கள். பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் அஸ்திவாரம் என்று எனக்குத் தோன்றுகிறது.

காவிரிக்காக ஊர் பற்றி எரிந்து, தமிழர்கள் அடிபட்ட அந்த வாரத்தில், அசோகன் பீன்யாவில் ஒரு சின்ன பாக்டரிக்கு வேலைக்குப் போய் மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அன்று காலை அவனுக்குப் போக மனமில்லை. புதிதாகச் சேர்ந்தவன் இப்போதே லீவு கேட்கக்கூடாது என்று சொல்லி அனுப்பியது ஆம்ப்ரோஸ் அங்கிள். மத்தியானம் பஸ்கள் நின்றன. கூட வேலை செய்தவர்கள் ஷட்டரை இழுத்துவிட்டு உள்ளேயே இருந்துவிட்டார்கள். அம்மா பயப்படுவாள் என்று சொல்லி இவன் மட்டும் நடக்க ஆரம்பித்தான். அவ்வளவுதான் தெரியும். அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் கிருஷ்ணப்பா தன் ஆட்டோவில் அங்கிளை ஏற்றிக்கொண்டு, அவரை வாயே திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஆஸ்பத்திரியிலும் தானே கன்னடத்தில் பேசித் தேடினார். திரும்பி வரும்போதெல்லாம் ஆன்ட்டியிடம், "பர்த்தானம்மா, பர்த்தானே" என்பார். வந்துவிடுவான் என்று. இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் அப்படிச் சொல்வதை விட்டுவிட்டார். நாங்கள் விடவில்லை.

காணாமல் போன பின் வந்த முதல் மார்ச்சில் பாஸ்டர் சிவசங்கரன் செய்தது ஆறுதலுக்காகத்தான். பிறந்தநாள்காரர்களை அழைத்தவர், கடைசி வரிசையில் முக்காட்டை இழுத்துப் பிடித்து உட்கார்ந்திருந்த ஆன்ட்டியைப் பார்த்துவிட்டு, அசோகனுக்குப் பதிலாக அம்மா வரட்டும் என்றார். தலையில் கை வைத்து, அடுத்த வருடம் இதே இடத்தில் அவனே நிற்பான் என்று ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னோம். எனக்கு அப்போது பதினாலு வயது. நானும் சத்தமாகச் சொன்னேன்.

அடுத்த வருடம் அவன் நிற்கவில்லை. ஆனால் பெயரை அழைக்காமல் விட்டால் அவன் செத்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே. அதனால் மறுபடி அழைத்தார்கள். மறுபடி ஆமென். இப்படியே அசோகனுக்கு இருபத்திரண்டு ஆனது, இருபத்தைந்து ஆனது. அவனுக்குப் பிடித்த, தேங்காய் வைத்துச் சுட்ட தில்பசந்தை பேக்கரியிலிருந்து பெட்டியோடு வாங்கி வந்து, அங்கிள் வாசலில் நின்று ஆளுக்கொரு துண்டு கொடுப்பார்.

சபைக்கு ஆன்ட்டி ஒரு சாட்சி ஆகிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் பெண்கள் அவரிடம் வந்து தலை குனிவார்கள். விசுவாசம் என்றால் சந்திரம்மா சகோதரிபோல இருக்க வேண்டும் என்று வெளியூர்ப் பிரசங்கிகள் மேடையில் அவரைக் காட்டுவார்கள். சாவு வீட்டுக்கு மட்டும் அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆராதனையில் அவர் கண் கலங்கினால் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் என்று சொல்லி ஸ்தோத்திரம் பண்ணுவார்கள். மகனுக்காக அழ அந்தப் பெண்ணுக்கு ஒரு இடம்கூட நாங்கள் மிச்சம் வைக்கவில்லை.

நான் வேலைக்காக ஷில்லாங், காட்மாண்டு, மஸ்கட் என்று ஐந்து வருடம் சுற்றிவிட்டு இரண்டாயிரத்தொன்றில் திரும்பி வந்தேன். நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். ஓசூர் ரோடு கல்லறைத் தோட்டத்தில் என் அம்மாவைப் புதைத்திருக்கிறோம். எங்கள் சபை அந்த நாளை அனுசரிப்பதில்லை. நான் பூவும் மெழுகுவத்தியும் வாங்கிக்கொண்டு தனியாகப் போனேன். எங்கே பார்த்தாலும் சாமந்தி, ஊதுவத்திப் புகை, கல்லைக் கழுவுகிற தண்ணீர். சுவரோரம் யாரும் கவனிக்காத பழைய வெள்ளைக்காரக் கல்லறைகள். அதில் ஒன்றின் பக்கத்தில் சந்திரம்மா ஆன்ட்டி குந்தி உட்கார்ந்து பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மெழுகுவத்தி ஏற்றியாகிவிட்டது.

என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனவர், பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"இது சின்னப் பையன்தானே பாப்பா? நம்பர் மட்டும்தான் எனக்குப் புரியுது. ரெண்டும் பூஜ்யமும் போட்டிருக்கு."

கல்லில் ஒரு சிப்பாயின் பெயரும், இருபது வயது என்றும் இருந்தது. ஆமாம் என்றேன். பெயரைப் படிக்க வாயெடுத்தேன்.

"பேரைச் சொல்லாதே. வேற பேரு கேட்டுட்டா அப்புறம் நான் எங்கே போவேன்?"

நாலு வருடமாக வருகிறாராம். அங்கிளுக்குத் தெரியாது. தனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று என்றார். உடம்பு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பாஸ்டர் அடக்க ஆராதனை நடத்த வேண்டும். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, நாலு பேர் நடுவில் உட்கார்ந்து அழ வேண்டும். சாகுமுன் அது நடக்காவிட்டால், மேலே போய் அவன் முகத்தைப் பார்க்கத் தனக்குத் துணிச்சல் இருக்காது என்றார்.

பாஸ்டரிடம் நானும் கூடப் போனேன். சிவசங்கரன் ஐயா கெட்டவர் அல்ல. வீட்டார் எதிர்ப்பை மீறி ஞானஸ்நானம் எடுத்து, அந்தப் பெயரையே வைத்துக்கொண்டு, கிண்டலையெல்லாம் சிரித்தே சமாளித்து ஊழியம் செய்கிறவர். ஆன்ட்டி சொன்னதைக் கடைசிவரை கேட்டார்.

"வருவான்னு நான்தான்மா ஜெபிச்சேன். இன்னைக்கு நானே மண்ணு போட்டா, நாளைக்கு என் ஜெபத்துக்கு யாரு ஆமென் சொல்லுவா? ஹால்ல ரெண்டு பேர் நோயில கிடக்கிற புள்ளைங்களுக்காக உபவாசம் இருக்காங்க. அவங்களுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

"எனக்கு என்ன சொல்லப் போறீங்க ஐயா?" என்று கேட்டார் ஆன்ட்டி.

ஆம்ப்ரோஸ் ஒப்புக்கொண்டால் யோசிக்கலாம் என்று பாஸ்டர் தப்பித்துக்கொண்டார். ஆம்ப்ரோஸ் அங்கிள் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். அன்று மாலை அவர்கள் வீட்டில், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கையை நிறுத்தாமலே அவர் சொன்னார்.

"அவன் செத்துட்டான்னு நீ சொன்னா, அவனைக் கொன்னது யாருன்னும் சொல்லணும். காலையில போடா போடான்னு அனுப்புனது யாரு சந்திரா?"

கிறிஸ்துமஸ் வந்தது, போனது. ஆன்ட்டி சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கிருஷ்ணப்பா என்னிடம் சொன்னார். ராத்திரி கதவைத் தாழ் போடாமல் வைக்கும் பழக்கத்தை ஆன்ட்டி விட்டுவிட்டாராம். அங்கிள் எழுந்துபோய்த் தாழைத் திறந்து வைப்பாராம். இவர் போய் மூடுவாராம்.

மார்ச் முதல் ஞாயிறு. ஆன்ட்டி வரமாட்டார் என்று நினைத்தேன், வந்திருந்தார். வெளிர் நீலச் சேலை, தலையில் முக்காடு. ஆண்கள் பக்கம் அங்கிளின் நாற்காலிக்கடியில் நூல் கட்டிய தில்பசந்த் பெட்டி. பாஸ்டர் பெயர்களை அழைத்தார். அசோகன் பெயர் வந்தபோது அவர் குரல் சற்றுத் தயங்கியது. தயங்கினாலும் அழைத்துவிட்டார். ஆன்ட்டி எழுந்து போய் வரிசையின் கடைசியில், பலூன் பிடித்த ஒரு குழந்தைக்குப் பக்கத்தில் நின்றார்.

பாஸ்டரின் கை அவர் தலையை நெருங்கியபோது, அந்த மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"அவனுக்கு வயசு ஏத்துறதை நிறுத்துங்க. முப்பத்தொண்ணு ஆகுதாம். முப்பத்தொரு வயசு ஆம்பளையை எனக்கு யாருன்னே தெரியாது. என் புள்ளைக்கு இருபது வயசு. அவன் செத்துட்டான். அடக்கப் பாட்டு ஒண்ணு பாடுங்க. ஒரே ஒண்ணு பாடிட்டு என்னை விட்டுடுங்க."

குழந்தையின் பலூன் மின்விசிறிக் காற்றில் ஆடியது. எனக்கு அந்தப் பாட்டுகளில் ஒன்றாவது தெரிந்திருக்க வேண்டும். என் அம்மாவுக்குப் பாடியது நினைவிருந்தது, முதல் அடி வரவில்லை. அதற்குள் கீபோர்டு வாசிப்பவர், என்ன செய்வதென்று தெரியாமல், வழக்கமான இடத்தில் வழக்கமான கட்டையை அழுத்திவிட்டார். யாரோ பிடித்துக்கொண்டார்கள். அப்பாடா என்று சபை முழுவதும் அதைத் தொற்றிக்கொண்டு பிறந்தநாள் பாட்டைக் கைதட்டிப் பாடியது. முழுப் பாட்டும் முடியும்வரை ஆன்ட்டி எங்கள் முன்னால் நின்றார். வேறு எங்கே போவார்?

ஆராதனை முடிந்து எல்லோரும் படிக்கட்டில் இறங்கினார்கள். வழக்கம்போல அங்கிள் கீழே மில் வாசலில், பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முதலில் போன பையன் கையை நீட்டினான். அங்கிள் நூலை அவிழ்க்கவில்லை.

"இன்னைக்கு இனிப்பு இல்லப்பா," என்றார். பிறகு யாருக்கென்று தெரியாமல் இன்னொரு முறை சொன்னார். "எங்க வீட்டுல இன்னைக்கு இனிப்பு குடுக்கக்கூடாது."

சொல்லும்போதே அவர் முகம் உடைந்தது. பெட்டியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, சத்தம் வராமல், தோள்கள் குலுங்க அழுதார். மூத்த சகோதரி ஒருத்தி ஓடிப்போய் அவர் தலையில் கை வைத்து, கண்ணை மூடி, ஆவியானவர் இறங்கியிருக்கிறார் என்று ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பித்தாள். பின்னால் நின்ற இரண்டு மூன்று பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

சந்திரம்மா ஆன்ட்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அந்தக் கையை எடுத்துவிட்டார்.

"அவரை விடுங்கம்மா," என்றார். "அவருக்குப் புள்ள செத்துப் போச்சு."