தேவாலய வாசலில் விட்ட பை

யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த என் மாமியாருக்குக் கோட்டை ஒன்றைக் காட்டலாமென்று ஜெர்மனியில் நாங்கள் வசிக்கும் பான் நகரிலிருந்து ரயிலில் கூட்டிப்போனேன். வழியில் சாப்பிட மீன் ரோல்ஸ் செய்து ஒரு கறுப்புப் பையில் வைத்திருந்தேன். பையை மாமி வைத்திருந்தார்.

கோட்டைக்குள் இருந்த சிறிய தேவாலயத்தைப் பார்த்துவிட்டு மாடிக்கு ஏறினோம். சற்று நேரத்தில் கீழே ஒரே பரபரப்பு. தேவாலய வாசலில் யாரோ ஒரு பையை விட்டுப் போயிருக்கிறார்களாம். முற்றத்தில் நின்ற எல்லோரையும் கோட்டைக் காவலர்கள் வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். மாமியைத் திரும்பிப் பார்த்தேன்; கையில் பையைக் காணோம்.

“மாமி, பை எங்கை?”

“வாசல்லை வைச்சனான் பிள்ளை. மச்சச் சாப்பாட்டோடை கோயிலுக்குள்ளை போக ஏலாதெல்லோ?”

நான் ஓடிப்போய், அது எங்கள் பைதான் என்று காவலரிடம் சொன்னேன். சிறிது நேரத்தில் இரண்டு பொலிஸார் எங்களிடம் வந்தார்கள். அவர்கள் வாய் திறக்கும் முன்பே மாமி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தினார். அவர்களில் ஒருத்தியான இளம் பொலிஸ்காரி பதறிப்போய், கையை இறக்கச் சொல்லுங்கள் என்று என்னிடம் ஜெர்மன் மொழியில் கெஞ்சினாள். நான் மாமியின் கைகளைப் பிடித்து மெல்ல இறக்கினேன்.

இப்போதெல்லாம் பயணத்துக்கு மரக்கறி ரோல்ஸ்தான் செய்கிறேன். பையையும் நானே தோளில் மாட்டிக்கொள்கிறேன். கைகளை ஏன் உயர்த்தினீர்கள் என்று மட்டும் மாமியிடம் இதுவரை நான் கேட்கவில்லை.