சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கிறிஸ்துமஸ்

மனைவி இறந்தபின் வந்த முதல் கிறிஸ்துமஸ் அது. கிழக்குத் தாம்பரத்தில் என் பக்கத்து அறையில் ஜோர்டானிலிருந்து வந்த கல்லூரி மாணவன் குடியிருந்தான். அவன் "அல்லாஹ்" என்று ஜெபிப்பது தினமும் சுவர் வழியே கேட்கும். நம் பண்டிகை அவனுக்கு எதற்கு என்று கூப்பிடவில்லை. டேப்பில் கிறிஸ்துமஸ் பாட்டு போட்டுவிட்டு, பிரியாணியைத் தனியாகச் சாப்பிட்டேன்.

புத்தாண்டு ஆராதனையில் அவன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"நீ எப்படிப்பா இங்க?"

"நானும் கிறிஸ்டியன்தான் அங்கிள்" என்றான், இங்கே கற்றுக்கொண்ட தமிழில். "எங்க அரபி பைபிள்லயும் கடவுள் பேரு அல்லாஹ்தான். இஸ்லாம் வர்றதுக்கு முன்னாடியே எங்க ஜனங்க சொன்ன வார்த்தை."

"கிறிஸ்துமஸ் அன்னிக்கு என்ன பண்ணே?"

"ரூம்லதான் இருந்தேன். உங்க டேப் கேட்டுச்சு. கூடவே அரபில பாடினேன்."

அன்று சுவர் வழியே அந்தக் குரல் கேட்டதும், தொழுகை என்று நினைத்து டேப்பின் சத்தத்தைக் கூட்டி வைத்தவன் நான்.