இஞ்ஞாசியின் அரை வயிறு

1928 ஆனியில் இனயம் கடலில் சூசையின் கட்டுமரம் கவிழ்ந்தது. அந்தத் துறையில் வள்ளம் வைத்திருந்தவன் அவனுடைய அண்ணன் இஞ்ஞாசி ஒருவன்தான். சூசையின் மனைவி பர்பரம்மாள் தலைவிரிகோலமாக ஓடிவந்தபோது அவன் சுட்ட சாளை மீன் தின்றுகொண்டிருந்தான். "இதைத் தின்னுட்டு வாறேன், நீ போ" என்றான். வள்ளம் இறங்கிப் போனபோது மரம் மட்டும் மிதந்தது.

மறு வருஷம் இஞ்ஞாசியின் மனைவி இறந்தாள். அவனுக்கு ஆக்கிப்போடும் வேலை பர்பரம்மாள் தலையில் விழுந்தது. அவள் மறுக்கவில்லை. அவனுக்கு மீன் தோல் கருகி மொறுமொறுக்க வேண்டும். சிரட்டைத் தீயை ஊதி எரியவிட்டு, நெய் சொட்டி எழும் புகையிலேயே சாளையைப் போட்டுக் கரியாக்கினாள். கேட்டதற்கு மேலும் வைத்தாள். வருஷத்துக்குள் அவனுக்கு வயிற்றெரிச்சல் வந்தது. அவள் இன்னும் கொஞ்சம் கருக்கினாள்.

நாற்பது நாள் நோன்பான தபசுகாலத்தில் ஒருசந்தி, பகலில் ஒரே முழுச் சாப்பாடு. மூன்று வேளையையும் அந்த ஒரு வேளைக்குள் அடைத்துவிட்டால் விரதமும் கெடாது, வயிறும் வாடாது என்று இஞ்ஞாசி கண்டுபிடித்திருந்தான். அவளும் குவித்து வைத்தாள். இரண்டாம் வாரம் அவன் ரத்தம் கக்கினான்.

தக்கலையிலிருந்து வைத்தியர் வந்தார். "சுட்ட மீனு நல்லதுதான், எண்ணெய் வேண்டாம், கொழுப்பும் வடிஞ்சுபோவும். கரிஞ்ச தோலுதான் கேடு. இனி வாழையிலையில பொதிஞ்சு, தீ அடங்கின கங்குல வச்சுக் குடு. அதும் அரை வயிறு. இல்லேன்னா ஆளு போயிருவான்."

போகட்டும் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் மறுநாள் இலையைப் பிரித்ததும் இஞ்ஞாசி ஒரே வாயில் தின்றுவிட்டு விரலை நக்கினான்.

"ஏட்டி, இன்னொரு துண்டு தாட்டி." அவன் கண் கலங்கியிருந்தது.

செத்தவனுக்குப் பசிக்காது என்று பர்பரம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"வைத்தியரு சொல்லலியே, அத்தான்."

அதன்பிறகு நல்லமிளகும் மஞ்சளும் தடவி, தெருவே மணக்கும்படி சுட்டாள். ஒரு துண்டு, ஒரு கை சோறு. வீடுவீடாகப் போய், "அவரு கேட்டா ஒண்ணும் குடுத்துராதீங்க, உயிருக்கு ஆபத்து" என்று சொல்லிவைத்தாள். அவன் உடம்பு தேறியது, தொப்பை வற்றியது.

"ஒனக்க அத்தான் புதுமாப்பிள்ளை போல ஆயாச்சு, பொண்ணு பாத்துருவமா?" என்று பக்கத்துவீட்டு கிரேசி சிரித்தாள்.

தபசுகாலம் முடிந்து, இயேசு உயிர்த்த பாஸ்கா திருநாள் வந்தது. ஊரெல்லாம் ஆட்டிறைச்சி கொதித்தது. இஞ்ஞாசி குளித்துப் புது வேட்டி கட்டி உட்கார்ந்தான். அவள் இலைப்பொதியைப் பிரித்தாள். ஒரு துண்டு.

"இன்னைக்குமாட்டி? ஊருக்கெல்லாம் ஒருசந்தி முடிஞ்சு போச்சே!"

"ஊருக்கு முடிஞ்சுது. ஒங்களுக்கு ஒடம்பு பாக்கண்டாமா?"

"எனக்க தம்பி இருந்தா என்னை இப்பிடிப் பட்டினி போட விடுவானா?"

அவள் அவனை நேராகப் பார்த்தாள். "விடமாட்டாரு. அவரு இல்லியே."

அவன் தலைகுனிந்து தின்றான். மீன் மிக ருசியாக இருந்தது.

அன்று மாலை கோயிலில் பர்பரம்மாள் முழங்காலிட்டாள். "மாதாவே, எனக்க அத்தானுக்கு நீண்ட ஆயுசு குடு." அருகே இருந்த கிரேசி அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பசியும் கொறையாமக் குடு" என்றதை உதட்டுக்குள் சொன்னதால் அது கிரேசிக்குக் கேட்கவில்லை.